வாக்கர்னா நடக்கிறவரா? ஒரே தொழிலுக்கு மூணு இங்கிலீஷ் குடும்பப் பேர்

கணக்குப்பிள்ளை88:
வணக்கம் மக்களே. எங்க கிளையன்ட் பக்கம் மூணு பேர் இருக்காங்க, ஒருத்தர் வாக்கர், ஒருத்தர் ஃபுல்லர், ஒருத்தங்க டக்கர். நேத்து மீட்டிங் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பேசிட்டு இருக்கறப்போ அந்த வாக்கர் சொல்றார், எங்க மூணு பேரு பேரும் ஒரே தொழில்ல இருந்து வந்ததுதான்னு. அதுக்குள்ள மத்தவங்க எல்லாம் லைன்ல வந்துட்டாங்க, மேல கேக்க முடியல. ஸ்மித்னா கொல்லர், டெய்லர்னா தையக்காரர், பேக்கர்னா ரொட்டி சுடறவர், இதெல்லாம் தெரியும். வாக்கர்னா நடந்து போய் தபால் குடுக்கறவரா இருக்கும்னு இத்தனை வருஷமா நெனச்சிட்டு இருந்தேன். ஃபுல்லருக்கும் டக்கருக்கும் ஒண்ணுமே தோணல. தெரிஞ்சவங்க விளக்கமா சொல்லுங்க, ராத்திரி பூரா இதே யோசனை.

லீட்ஸ்மதுரைக்காரி:
அவர் சொன்னது சரிதாங்க. நான் பதினோரு வருஷமா வட இங்கிலாந்துல லீட்ஸ்ல இருக்கேன், கம்பளித் துணியால வளர்ந்த ஊரு இது, அதனால இந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும், கொஞ்சம் நீளமா எழுதறேன் பொறுத்துக்கங்க.

கம்பளித் துணி தறியில இருந்து இறங்கினதும் அதை அப்படியே தைச்சுப் போட முடியாது. நெசவு லொடலொடன்னு இருக்கும், வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா சல்லடை மாதிரி தெரியும், நூல் நூக்கறப்போ வழவழப்புக்குத் தடவின வெண்ணெய், கொழுப்பு எல்லாம் பிசுபிசுன்னு ஒட்டிட்டு இருக்கும். அந்தத் துணியைத் தொட்டியில போட்டு, புளிக்க வெச்ச சிறுநீரை ஊத்தி (ஆமா, மனுஷ சிறுநீர்தான், நாள் ஆக ஆக அதுல அமோனியா ஏறும், அது எண்ணெய்ப் பிசுக்கை வெட்டும்), அப்புறம் ஒரு வகைக் களிமண்ணும் தண்ணியும் போட்டு மணிக்கணக்கா காலால மிதிப்பாங்க. மிதிக்க மிதிக்க ரெண்டு காரியம் நடக்கும். அழுக்கு போகும். அதைவிட முக்கியமா துணி சுருங்கி இறுகும். ஆட்டு ரோமத்துல மீன் செதில் மாதிரி மெல்லிசா செதில் இருக்கு, ஈரமும் சூடும் அழுத்தமும் சேர்ந்தா ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கிட்டு திரும்பி வராது. நல்லா மிதிச்ச துணியில நெசவே கண்ணுக்குத் தெரியாது, மழைத் தண்ணி லேசுல உள்ள இறங்காது. இங்கிலாந்து குளிருக்கு அந்தத் துணிதான் உயிர் காத்தது.

அந்த மிதிக்கிற ஆளுக்கு வடக்கே வாக்கர்னு பேரு, தென்கிழக்கே ஃபுல்லர், தென்மேற்கே டக்கர். மூணும் ஒரே ஆள்தான், பேச்சு வழக்குதான் வேற. நம்ம ஊர்லயே ஒரே பாத்திரத்தை ஒரு ஊர்ல குண்டான்பாங்க, இன்னொரு ஊர்ல சட்டிம்பாங்க இல்லியா, அது மாதிரி. என்ன, அங்க அந்த வட்டார வார்த்தை குடும்பப் பேரா உறைஞ்சு போய் இன்னிக்கு வரைக்கும் நிக்குது.

சும்மாவாசகன்:
சூப்பர் அக்கா. அப்போ துணி மேல நடந்ததால வாக்கர், அவ்வளவுதானே? சிம்பிள்.

லீட்ஸ்மதுரைக்காரி:
இல்ல தம்பி, இங்கதான் முக்காவாசிப் பேர் வழுக்கறாங்க. இங்க மியூசியம் பார்க்க வர்றவங்களே அப்படித்தான் சொல்லிக்கறாங்க. வார்த்தையோட வயசைப் பாரு. பழைய இங்கிலீஷ்ல 'வெயல்கன்'னு ஒரு வினைச்சொல், அதுக்கு உருட்டறது, புரட்டறது, அலை மாதிரி அலைக்கழிக்கிறதுன்னு அர்த்தம். துணியைப் புரட்டிப் புரட்டி மிதிக்கிறவர் 'வெயல்கெரே', லத்தீன் வார்த்தைக்குப் பழைய இங்கிலீஷ்ல பொருள் எழுதி வெச்ச பட்டியல்கள்லயே இந்தச் சொல் இருக்கு. வாக்னா கால் நடைன்ற அர்த்தம் பரவலா வந்தது 1200க்குப் பக்கத்துலதான். அதாவது தொழில் பேரு முந்தி, நடக்கிறதுன்ற அர்த்தம் பிந்தி. அந்தப் பழைய அர்த்தம் பேச்சுல செத்துப் போச்சு, ஆனா லட்சக்கணக்கான ஜனங்களோட பேருக்குள்ள அப்படியே உக்காந்திருக்கு. எனக்கு இதுதான் இந்தப் பேர்லயே ஆகப் பிடிச்ச விஷயம்.

டக்கர் இன்னும் கொடுமை. 'தூகியன்'னு பழைய சொல், வதைக்கிறது, படாத பாடு படுத்தறதுன்னு அர்த்தம், பாவம் அந்தத் துணி பட்ட பாட்டுக்கு அதைவிடப் பொருத்தமான வார்த்தை கிடைக்காது. ஃபுல்லர் மட்டும் லத்தீன் வழி, ரோமாபுரியில இந்தத் தொழிலாளிக்கு 'ஃபுல்லோ'ன்னு பேரு, அது பழைய இங்கிலீஷுக்குள்ள வந்துச்சு, அப்புறம் பிரான்ஸ்ல இருந்து நார்மன்காரங்க படையெடுத்து வந்தப்போ மிதிக்கிறதுக்கு அவங்க சொல்ற 'ஃபூலே'ன்ற பிரெஞ்சு வார்த்தையும் சேர்ந்து அதைக் கெட்டியாக்கிடுச்சு.

நாஞ்சில்நாடன்பேரன்7:
அக்கா, நீங்க சொன்னதும் ஓடிப் போய் பைபிள எடுத்துப் பாத்தேன். மாற்கு 9ம் அதிகாரம், இயேசு மலையில மறுரூபமாவுற இடம். தமிழ்ல 'எந்த வண்ணானும் வெளுக்கக்கூடாத' வெண்மைன்னு வருதுல்லா, இங்கிலீஷ் பைபிள்ல அதே இடத்துல ஃபுல்லர்னு கிடக்கு. சின்ன வயசுல சண்டே கிளாஸ்ல இங்கிலீஷ்ல வாசிக்கும்போ யாரோ ஒரு ஆளோட பேருன்னே நெனச்சேன் கேட்டீங்களா.

இன்னொண்ணு, எங்க ஊரு பக்கம் இரட்சணிய சேனைக்காரங்க (சால்வேஷன் ஆர்மின்னு கிறிஸ்தவ சபை) ஜாஸ்தி, காதரின் பூத் ஆஸ்பத்திரி எல்லாருக்கும் தெரியும். இந்தியாவுல அந்த சேனையத் தொடங்கினவர் பூத் டக்கர். அவரும் இந்த டக்கர் தானா?

லீட்ஸ்மதுரைக்காரி:
தம்பி, அருமையான இடத்தைப் பிடிச்சீங்க. அதே வசனத்தை 14ம் நூற்றாண்டு கடைசியில விக்ளிஃப்னு ஒரு சர்ச் சீர்திருத்தக்காரரோட ஆளுங்க இங்கிலீஷ்ல கொண்டு வந்தப்போ, அதோட முதல் வடிவத்துல 'ஃபுல்லர், இல்லன்னா துணி வாக்கர்'னு ரெண்டு வார்த்தையையும் பக்கத்துல பக்கத்துல போட்டிருக்காங்க. ஒரு ஊர்க்காரனுக்கு ஒண்ணு புரியலன்னா இன்னொண்ணு புரியட்டும்னுதான்னு எனக்குத் தோணுது.

பூத் டக்கர், பேரு அதே பேர்தான். அவர் பிறந்தது பீகார்ல முங்கேர்ல, 1853. அரசாங்க உத்தியோகத்தை விட்டுட்டு 1882ல பம்பாய்ல சேனை வேலையைத் தொடங்கினார். அப்போ வெறும் டக்கர். 1888ல ஜெனரல் வில்லியம் பூத் மக எம்மாவைக் கட்டினப்போதான் பொண்ணு வீட்டுப் பேரையும் சேர்த்து பூத் டக்கர் ஆனார். குடும்பப் பேர்னா கல்லுல வெட்டினதுன்னு நினைக்கிறோம், 19ம் நூற்றாண்டுலயே அது இப்படி நகர்ந்திருக்கு, அப்போ 13ம் நூற்றாண்டுல எப்படி இருந்திருக்கும்னு யோசிங்க.

வரைபடப்பித்தன்:
வட்டாரக் கணக்கை நான் சொல்றேன், எனக்கு இதே வேலைதான். 1881ல பிரிட்டன்ல எடுத்த மக்கள்தொகைக் கணக்குல ஒவ்வொரு குடும்பப் பேரும் எந்த கவுண்டியில (நம்ம மாவட்டம் மாதிரி) எவ்வளவுன்னு மேப் போட்டுப் பார்க்கலாம். வாக்கர் போட்டா யார்க்‌ஷயர், லங்காஷயர், டர்பி, நாட்டிங்ஹாம் பக்கம், ஸ்காட்லாந்து பக்கம் எல்லாம் அடர்த்தியா கறுக்கும். டக்கர் போட்டா மேப் முழுக்க வெளுத்துப் போய் கீழ் இடது மூலையில டெவன், சோமர்செட், கார்ன்வால் மட்டும் பளிச்னு நிக்கும். ஃபுல்லர் சசெக்ஸ், கென்ட், சஃபோக், நார்ஃபோக். பேர் உறைஞ்சு ஐநூறு வருஷம் ஆனப்புறம், ரயில் வந்து தொழிற்சாலை வந்து ஜனங்க இடம் மாறினப்புறமும் இந்த எல்லை அழியல. நான் முதல்ல பார்த்தப்போ ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தூங்கல.

ஊர்ப் பேர்லயும் இருக்கு. வடக்கே அந்த மில்லுக்கு வாக் மில், தென்மேற்கே டக் மில், வேல்ஸ்ல 'பாண்டி'. வேல்ஸ்ல டோனிபாண்டின்னு ஒரு ஊர், நிலக்கரிச் சுரங்கப் போராட்டத்தால பேர் வாங்கின ஊரு, அந்தப் பாண்டி துணி மிதிக்கிற மில்தான்.

கணக்குப்பிள்ளை88:
மில்லா? மனுஷன் காலால மிதிக்கிறதுன்னு இல்ல சொன்னீங்க.

லீட்ஸ்மதுரைக்காரி:
முதல்ல கால். அப்புறம் தண்ணிச் சக்கரம். ஆத்துத் தண்ணியில சக்கரம் சுத்தும், அந்த அச்சுல முளை முளையா கட்டை துருத்திட்டு இருக்கும், ஒவ்வொரு முளையும் ஒரு பெரிய மரச் சுத்தியலைத் தூக்கி விட்டுட்டு நகரும், சுத்தியல் டொம்முனு தொட்டித் துணி மேல விழும். ஆளே இல்லாம உலக்கை குத்தற மாதிரி நெனச்சுக்கங்க. இங்கிலாந்துல இது ஓடினதுக்கு ஆக முந்தின எழுத்துச் சான்றுகள்ல ஒண்ணு 1185ல டெம்ப்ளர் வீரர்கள் (சிலுவைப் போர்க் காலத்துத் துறவிப் படை) தங்களோட சொத்துக்கு எடுத்த கணக்கு. அதுல ரெண்டு மில் வருது, ஒண்ணு கிளாஸ்டர்ஷயர்ல, இன்னொண்ணு எங்க லீட்ஸ் பக்கத்துல நியூசம்ல. அந்த இடம் இன்னிக்கு டெம்பிள் நியூசம்னு பெரிய பார்க்கு. ஞாயித்துக்கிழமை பசங்களைக் கூட்டிட்டுப் போய் ஊஞ்சல் ஆட்டிட்டு வர்ற இடம், அங்க எண்ணூறு வருஷத்துக்கு முன்னாடி சுத்தியல் சத்தம் கேட்டிருக்குன்னு தெரிஞ்ச அன்னிக்கு எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு.

மில் வந்ததும் எல்லாரும் சந்தோஷப்படல. மில் பிரபுக்களுக்கும் மடங்களுக்கும் சொந்தம், துணியை அங்கதான் கொண்டாரணும், கூலி குடுக்கணும்னு கட்டாயம் பண்ணாங்க. செயின்ட் ஆல்பன்ஸ்ல 1274ல மடத்துத் தலைவருக்கும் ஊர்க்காரங்களுக்கும் இதுக்காகவே பெரிய வழக்கு, ஊர்க்காரங்க வீட்லயே மிதிச்சுக்கறோம்னு நின்னாங்க. 1298ல லண்டன்ல இன்னொரு பிரச்சினை, நகரத்துத் துணியை எல்லாம் ஸ்ட்ராட்ஃபோர்ட் மில்லுக்கு அனுப்பறாங்க, கால்ல மிதிக்கிற எங்க பொழப்பு போகுதுன்னு தொழிலாளிங்க முறையிட்டாங்க. மெஷின் வந்து வேலை போறதுன்ற சண்டை 13ம் நூற்றாண்டுலயே இந்தத் தொழில்ல நடந்திருக்கு. ஆக வாக்கர்னு பேர் வாங்கினவங்கள்ல ஒரு பங்கு ஆளுங்க கால்ல மிதிச்சிருக்கவே மாட்டாங்க, மில்லைப் பார்த்துக்கிட்டவங்களா இருப்பாங்க. வேலை மாறியும் வேலைக்காரனோட பேரு மாறல.

சும்மாவாசகன்:
சரி அக்கா, தொழில் பேரு எப்போ குடும்பப் பேரா மாறுச்சு? அப்பா வாக்கர் வேலை பார்த்தா மவனும் வாக்கர்தானா? நம்ம ஊர் ஜாதி மாதிரியா?

லீட்ஸ்மதுரைக்காரி:
இது நல்ல கேள்வி, ஜாதி மாதிரி இல்லைன்னு தெளிவா சொல்லிடறேன். முதல்ல அது அடையாளப் பேர் மட்டும்தான். 1066ல நார்மன்காரங்க வந்தப்புறம் ஜான், வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட், தாமஸ்னு ஒரு கைப்பிடிப் பேரைத்தான் ஊர் பூரா வெச்சாங்க. ஒரு கிராமத்துல எட்டு ஜான் இருந்தா எந்த ஜான்? துணி மிதிக்கிற ஜான், ஆத்தோரத்து ஜான், குட்டை ஜான். அதே ஆளை வேற இடத்துல வேற அடையாளத்தோட எழுதுவாங்க, அவன் மகனுக்கு வேற அடையாளம் வரும். நம்ம இனிஷியல் எப்படி ஒவ்வொரு தலைமுறைக்கும் மாறுதோ கிட்டத்தட்ட அப்படி. பணக்காரக் குடும்பங்கள்லயும் தெற்குலயும் இது முதல்ல பரம்பரையா நின்னுச்சு, வடக்கே பின்னாடி. 1400 வாக்குல பெரும்பாலான குடும்பத்துக்கு நிலையான பேர் வந்துடுச்சு.

நிலைச்சுப் போனதுக்கு சாட்சி என்னன்னா, 1379ல எடுத்த தலைவரிப் பட்டியல்கள், அதாவது தலைக்கு இவ்வளவுன்னு வாங்கின வரியோட கணக்கு. எங்க யார்க்‌ஷயர் மேற்குப் பகுதியோடது நல்லா மிஞ்சியிருக்கு. அதுல பேரும் இருக்கும், பக்கத்துல பல பேருக்குத் தொழிலும் இருக்கும். சில வரியில பேரும் தொழிலும் ஒண்ணா இருக்கும், சில வரியில பேரு ஒண்ணு, வேலை வேற. வேலை வேறயா இருக்கற அந்த வரிகளைப் பார்த்தாதான் பேரு தொழிலை விட்டுக் கழண்டுடுச்சுன்னு தெரியும். 1413ல இன்னும் தெளிவா சட்டமே வந்துச்சு, வழக்குல ஒருத்தரைக் குறிப்பிடறப்போ பேர் மட்டும் போதாது, அவர் நிலை என்ன, தொழில் என்ன, எந்த ஊருன்னும் எழுதணும்னு. பேரைப் பார்த்து தொழிலைச் சொல்ல முடியும்ன்ற காலம் போயிடுச்சுன்னுதானே அர்த்தம். வாக்கர் மகன் கசாப்புக் கடை வெச்சாலும் வாக்கர்தான், யாரும் அவனை இழுத்து தொட்டியில விடல.

ஆனா ஒரு எச்சரிக்கை. ஆரம்ப கால ஏட்டுல எல்லாம் குமாஸ்தா லத்தீன்லயோ பிரெஞ்சுலயோ எழுதினார். ஊரே ஒருத்தரை வாக்கர்னு கூப்பிட்டாலும் அவர் ஏட்டுல 'ஃபுல்லோ'ன்னு மொழிபெயர்த்துப் போட்டுடுவார். அதை மட்டும் வெச்சு வடக்கே ஃபுல்லர் குடும்பம் இருந்துச்சுன்னு முடிவு கட்டினா தப்பாயிடும்.

வரைபடப்பித்தன்:
இதை நான் யோசிச்சதே இல்ல, என் பழைய நோட்ஸ்ல பாதியைத் திருப்பிப் பார்க்கணும் போல. கூடவே நானும் ஒண்ணு சேர்க்கறேன். பேர் ஒண்ணுன்னு சொந்தம் ஆகாது. வாக்கர்னு பேர் உறைஞ்ச இடம் நூத்துக்கணக்குல இருக்கும், ஒவ்வொண்ணும் தனி ஊத்து. அயர்லாந்துல ஓ துவாகர்னு ஒரு குலத்துப் பேரு இங்கிலீஷ்ல டக்கர் ஆயிருக்கு, அதுக்கும் துணிக்கும் சம்பந்தமே கிடையாது. ஸ்காட்லாந்து மலைப் பக்கம் கேலிக் பாஷையில 'துணி மிதிக்கிறவர் மகன்'னு இருந்த பேரை அப்படியே மொழிபெயர்த்து வாக்கர்னு ஆக்கிக்கிட்டாங்க, அது அர்த்தத்துல சரி, ரத்தத்துல வேற. ஜெர்மனியிலயும் இதே தொழிலுக்கு வால்கர், அந்தக் குடும்பங்க அமெரிக்கா போய் வாக்கர்னு எழுதிக்கிட்டா யாரு கண்டுபிடிக்கிறது.

கணக்குப்பிள்ளை88:
ஒரு வேலைக்கே இவ்வளவு பேரா. அப்போ துணிக்கு முன்னாடி பின்னாடி இருக்கற வேலைங்களுக்கு?

லீட்ஸ்மதுரைக்காரி:
வரிசையா இருக்கு. நெய்யறவர் வீவர், வெப், வெப்பர், வெப்ஸ்டர். 'ஸ்டர்'ல முடியற பேருங்க முதல்ல பொம்பளைங்க பார்த்த வேலைக்கு வந்தது, வெப்ஸ்டர், பேக்ஸ்டர், ப்ரூஸ்டர் எல்லாம் அப்படித்தான், அப்புறம் ஆம்பளைக்கும் போச்சு. சாயம் போடறவர் டையர், வடக்கே லிஸ்டர். மிதிச்ச துணியோட மேல் ரோமத்தை முள்ளுச் செடியோட காஞ்ச தலையால சீவி எழுப்பி பெரிய கத்திரியால சமமா வெட்டறவர் ஷெர்மன். ஒரு கோட்டுத் துணி முடியறதுக்குள்ள பாதி டெலிஃபோன் டைரக்டரி உருவாயிடுச்சு.

எக்சிட்டர் போனா டக்கர்ஸ் ஹால் பாருங்க, நெசவாளர், மிதிப்பவர், ரோமம் வெட்டறவர் மூணு பேரும் சேர்ந்த சங்கத்தோட கட்டடம், 1471ல கட்டினது இன்னும் நிக்குது. டெவன்ல இருக்கறதால அது ஃபுல்லர்ஸ் ஹால் ஆகல, வாக்கர்ஸ் ஹால் ஆகல, டக்கர்ஸ் ஹால் ஆச்சு பாருங்க. லண்டன்ல ஃபுல்லர் சங்கமும் ஷெர்மன் சங்கமும் 1528ல ஒண்ணா சேர்ந்து க்ளாத்வொர்க்கர்ஸ் கம்பெனி ஆச்சு, அதுவும் இன்னும் இருக்கு.

காம்பாக்டிங்அண்ணன்:
வணக்கமுங்க, ரொம்ப நாளா வாசிக்கிறதோட சரி, இன்னிக்கு எழுதாம இருக்க முடியலீங்க. திருப்பூர்ல பிராசசிங்ல இருபத்தி ரெண்டு வருசம். அந்தக் களிமண்ணு என்ன மண்ணுங்க?

லீட்ஸ்மதுரைக்காரி:
அண்ணா, அந்த மண்ணுக்கே ஃபுல்லர்ஸ் எர்த்துன்னுதான் பேரு, எண்ணெய்ப் பிசுக்கை அப்படியே உறிஞ்சும். சர்ரேல ரெட்ஹில், நட்ஃபீல்ட் பக்கம் வெட்டி எடுத்தாங்க. துணித் தொழிலுக்கு அது எவ்வளவு முக்கியம்னா 17ம் நூற்றாண்டுல வெளிநாட்டுக்கு ஏத்தவே கூடாதுன்னு தடை போட்டாங்க. நம்ம ஊர் கடையில முகத்துக்குப் போட பாக்கெட்ல விக்கிற முல்தானி மிட்டி இருக்கே, அந்த வகை மண்ணுதான், பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க, சிலதுல ஃபுல்லர்ஸ் எர்த்துன்னே போட்டிருக்கும்.

நாஞ்சில்நாடன்பேரன்7:
எங்க வீட்டு பாத்ரூம்ல கிடக்குது அக்கா! இத்தனை நாளும் அது கம்பெனி பேருன்னு நெனச்சிட்டு இருந்தேன். பூத் டக்கருக்கும் முல்தானி மிட்டிக்கும் இப்படி ஒரு முடிச்சு கிடக்கும்னு யாரு கண்டா.

காம்பாக்டிங்அண்ணன்:
சரிங்க, இப்ப நான் கேக்க வந்தத கேக்குறேன். மிதிச்சா துணி சுருங்கிருமுன்னீங்க. ஈரத் துணி சுருங்கினா ஒரே மாதிரி சுருங்காதுங்க, ஒரு பக்கம் இழுக்கும், ஓரம் வளையும், அகலம் கோணும். அதை அப்படியே காய வெச்சா கட்டிங்குக்கு உதவாது. அப்ப அவங்க என்ன பண்ணாங்க?

லீட்ஸ்மதுரைக்காரி:
அண்ணா, தொழில் தெரிஞ்சவர் கேக்கற கேள்வி இது. மில்லுக்கு வெளிய திறந்த வெளியில நீள நீளமா மரச் சட்டம் நட்டிருப்பாங்க, அதுக்குப் பேரு டென்ட்டர். மேல் கட்டையிலயும் கீழ் கட்டையிலயும் வளைஞ்ச ஆணி வரிசையா இருக்கும், ஈரத் துணியோட ரெண்டு ஓரத்தையும் அதுல குத்தி மாட்டி, கீழ் கட்டையை இறக்கி இழுத்து அகலத்தை சமம் பண்ணி காத்துல காய விடுவாங்க. அந்த ஆணிதான் டென்ட்டர்ஹுக், மனசு பதட்டத்துல இருக்கறதுக்கு இங்கிலீஷ்காரங்க டென்ட்டர்ஹுக்ல மாட்டின மாதிரின்னு சொல்றது இதை வெச்சுத்தான். அளவுக்கு மேல இழுத்து நீளத்தைக் கூட்டி வித்து ஏமாத்தினவங்களும் உண்டு, அதுக்கு தனியா சட்டம் போட்டுப் பிடிச்சாங்க. லண்டன்ல ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ்ல டென்ட்டர் கிரவுண்டுன்னு ஒரு தெருவே இருக்கு.

காம்பாக்டிங்அண்ணன்:
ஏனுங்க அம்மிணி, அது எங்க ஸ்டென்டருங்க!

எல்லாரும் புரிஞ்சுக்கற மாதிரி சொல்றேன். சாயம் போட்டு வந்த துணிய ஓப்பன் வித்துல, அதாவது முழு அகலத்துக்கு விரிச்சு, ஸ்டென்டர் மெஷின்ல விடுவோம். ரெண்டு பக்கமும் செயின் ஓடும், செயின் பூராவும் பொடிப் பொடியா பின் நிக்கும், துணியோட ரெண்டு ஓரமும் அந்தப் பின்னுல குத்திக்கும், அப்படியே சூட்டு அறைக்குள்ள இழுத்துட்டுப் போகும், உள்ள போகப் போக அகலம் நாம வெச்ச அளவுக்கு விரியும். வெளிய வர்றப்ப அகலம் நின்னிருக்கும், ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்னு) பாத்து ரோல் பண்ணுவோம். எங்களுது பருத்தி, கம்பளி மாதிரி மிதிச்சா இறுகாதுங்க, அது வேற. ஆனா ஓரத்தைக் குத்தி இழுத்து அகலத்துல காய வெக்கிறது அச்சு அசல் நீங்க சொன்னதேதான். வெளிநாட்டு மெஷின் புக்குல சிலதுல டென்ட்டர்னே போட்டிருப்பான், ஸ்பெல்லிங் தப்பா அடிச்சுட்டான்னு நான் ஒரு தடவை பேனாவுல திருத்தி வெச்சிருக்கேன்.

வரைபடப்பித்தன்:
அண்ணா, ஓரத்துல ஓட்டை விழுமா? பழைய காலத்து கம்பளித் துணியில ஓரம் பூரா அந்த ஆணி ஓட்டை தெரியும்பாங்க.

காம்பாக்டிங்அண்ணன்:
விழாம எப்படிங்க. ரெண்டு ஓரத்துலயும் ரயில் தண்டவாளம் மாதிரி வரிசையா ஓட்டை இருக்கும், கைய வெச்சுத் தடவினா சொரசொரன்னு தட்டுப்படும். கட்டிங் மாஸ்டர் அந்த ஓரத்த ஒதுக்கிட்டுத்தான் வெட்டுவாரு. இன்னிக்கு எனக்கு நைட் சிப்ட்டு, ஒரு ஓரத் துண்டு எடுத்து போட்டோ போடறேனுங்க.

கணக்குப்பிள்ளை88:
கண்டிப்பா போடுங்க அண்ணா. நாளைக்கு காலையில மறுபடி அந்த மூணு பேரோட மீட்டிங் இருக்கு, அஞ்சு நிமிஷம் முன்னாடியே லைன்ல போய் உக்காந்து அவங்களுக்குத்தான் முதல்ல காட்டப் போறேன். வாக்கரோட தாத்தா ஊரு ஹட்டர்ஸ்ஃபீல்ட் பக்கம்னு ஒரு தடவை சொன்ன ஞாபகம், அதையும் சரியா கேட்டுட்டு வந்து எழுதறேன்.

லீட்ஸ்மதுரைக்காரி:
ஹட்டர்ஸ்ஃபீல்டா, இங்க இருந்து ரயில்ல அரை மணி நேரம்கூட இல்ல, சுத்திலும் துணி ஊருங்கதான். டக்கர் அம்மாகிட்ட டெவனான்னு கேளுங்க. அண்ணா, போட்டோவுல பக்கத்துல ஒரு ஸ்கேல் வெச்சு எடுங்க, ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு நான் பார்க்கணும்.

காம்பாக்டிங்அண்ணன்:
வெச்சுடறேனுங்க.